முக்குளிப்பானின் மூச்சு

எங்கள் ஊர் ஏரியில் முக்குளிப்பான்கள் உண்டு. வாத்தைவிடச் சிறிய பறவை. வால் இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும். ஆள் அரவம் கேட்டால் அது பறப்பதில்லை, மூழ்கிவிடும். பெரும்பாலும் தலைகுப்புறப் பாய்ந்துதான் போகும். ஆனால் சில நேரம் பாயாமல், துள்ளாமல், இருந்த வாக்கிலேயே கீழே இறங்கும். முதலில் முதுகு மறையும், பிறகு கழுத்து, கடைசியில் தலை. யாரோ காலில் கல்லைக் கட்டிவிட்டதுபோல் இருக்கும். கல் ஒன்றும் இல்லை. இறகுகளை உடலோடு இறுக்கி, அவற்றுக்கிடையே தங்கியிருந்த காற்றைப் பிதுக்கி விடுகிறது. உள்ளே காற்றுப்பைகளில் இருப்பதிலும் கொஞ்சத்தை விட்டுவிடுகிறது. எடை அப்படியேதான் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டிருந்த இடம் குறைந்துவிட்டது. குறைந்த அளவு தண்ணீரைத்தான் இப்போது அது விலக்குகிறது; எனவே தண்ணீர் அதைத் தாங்கும் விசையும் குறைகிறது.

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில், 91 மீட்டர் நீளக் கறுப்பு உடலோடு மணலில் உட்கார்ந்திருக்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கியின் முன் நின்றபோது எனக்கு அந்தப் பறவைதான் நினைவுக்கு வந்தது. கூட வந்த அண்ணன் மகள் கேட்ட முதல் கேள்வி வேறு.

“அத்தை, இதுக்கு ஜன்னலே இல்லையே. உள்ள இருக்கிறவங்க எப்படி மூச்சு விடுவாங்க?”

பத்து வயதுக்காரி கேட்டதைப் பெரியவர்கள் பலர் கேட்பதில்லை. பெரியவர்களின் கண் டார்பிடோவின் மேலேயே இருக்கிறது. எத்தனை டார்பிடோ, எவ்வளவு தூரம் போகும், எத்தனை கப்பலை மூழ்கடித்தது என்பார்கள். குர்சுராவின் கதையில் ஆயுதத்துக்கு இருக்கும் இடம் சிறியது. அதன் முப்பத்தொரு ஆண்டு வாழ்க்கை முழுவதும் காற்றையும் மின்சாரத்தையும் எண்ணி எண்ணிச் செலவழித்த வாழ்க்கை. ஆகவே இந்த அத்தியாயத்தை அவள் கேள்வியை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் பிறப்பு விவரம். சோவியத் ஒன்றியத்திடமிருந்து இந்தியா வாங்கிய முதல் நான்கு நீர்மூழ்கிகள் கல்வாரி, கந்தேரி, கரஞ்ச், குர்சுரா. முதலாவதான கல்வாரி 1967 டிசம்பர் 8 அன்று கடற்படையில் சேர்ந்தது. அந்த நாளைத்தான் இந்தியக் கடற்படை இன்றும் நீர்மூழ்கி நாளாகக் கொண்டாடுகிறது. நால்வரில் கடைக்குட்டியான குர்சுரா 1969 டிசம்பர் 18 அன்று, இன்றைய லாத்வியாவில் உள்ள ரீகா துறைமுகத்தில் சேர்க்கப்பட்டது. மேற்கு நாடுகள் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ என்று பெயர் சூட்டிய வகை இது. 2001 பிப்ரவரி 27 அன்று ஓய்வு. அதுவரை ஓடிய தூரம் 73,500 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 1,36,000 கிலோமீட்டர். பூமியை மூன்று முறை சுற்றியதற்கும் மேல். ஓய்வுபெற்ற கப்பல்கள் வழக்கமாக உடைப்பவர் கைக்குப் போகும். இதைக் காப்பாற்றிக் காட்சிக்கு வைக்கும் யோசனை வைஸ் அட்மிரல் வினோத் பஸ்ரிச்சாவுடையது. கடலில் கிடந்ததைக் கரைக்கு இழுத்து, கான்கிரீட் தாங்கிகளில் ஏற்றி, 2002 ஆகஸ்டில் மக்களுக்குத் திறந்தார்கள்.

பக்கவாட்டில் வெட்டிய வாசல் வழியாகப் படியேறி உள்ளே போகிறோம். இந்த வாசல் அருங்காட்சியகத்துக்காக வெட்டியது. பணியில் இருந்தபோது மேலிருந்து குறுகிய மூடிவாசலில் ஏணி வழியாக இறங்குவதுதான் வழி. நமக்காக வாசல் மட்டும் வெட்டவில்லை, விளக்கும் போட்டிருக்கிறார்கள், காற்றும் வருகிறது. பார்க்கிறவருக்கு வசதி, புரிந்துகொள்ள நினைப்பவருக்கு அதுவே இடைஞ்சல். இந்தக் கப்பலைப் பற்றி அறிய வேண்டிய முக்கியமான பொருள் அதன் காற்று. அந்தக் காற்றுதான் இங்கே மாறிப்போயிருக்கிறது. டீசல் வாடை, சமையல் வாடை, வாரக்கணக்கில் குளிக்காத எழுபத்தைந்து உடம்புகளின் வாடை, எங்கும் சொட்டும் ஈரம், இவற்றை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் வைக்க முடியாது.

வழிகாட்டி ஓய்வுபெற்ற கடற்படைக்காரர். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் தெலுங்கை விட்டுத் தனக்குத் தெரிந்த தமிழுக்கு மாறினார். “பாப்பா, இது ஏழு பெட்டி. ரயில் மாதிரி. ஒரு பெட்டியில தண்ணி வந்தா கதவ மூடிட்டு அடுத்த பெட்டி.” பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள எஃகுச் சுவரில் வட்டமான துளைபோல ஒரு வாசல். குனிந்து, ஒரு காலை முதலில் நீட்டி, தலையை இடிக்காமல் நுழைய வேண்டும். பாப்பா முயல் மாதிரி தாவிப் போனாள். நான் இடித்துக்கொண்டேன்.

முதல் பெட்டியில் ஆறு டார்பிடோக் குழாய்கள் இரண்டு வரிசையாகத் தேனடைபோல இருக்கின்றன. ஒவ்வொன்றும் 53 சென்டிமீட்டர் விட்டம். பின்பக்கம் கடைசிப் பெட்டியில் இன்னும் நான்கு. மொத்தம் 22 டார்பிடோக்களைச் சுமந்தது. ஆயுதக் கணக்கை இத்தோடு முடித்துக்கொள்வோம். இந்தக் குழாய்களுக்கு இன்னொரு பயன் உண்டு: கப்பல் மூழ்கி அடியில் கிடந்தால், உள்ளிருப்பவர்கள் தப்ப இதுவும் ஒரு வழி. அதைப் பிறகு சொல்கிறேன்.

மிதப்பதற்கு வருவோம். மேற்பரப்பில் குர்சுரா விலக்கும் தண்ணீர் 1,950 டன். முழுதும் மூழ்கியபின் விலக்குவது 2,475 டன். இடையில் உள்ள 525 டன்தான் அதன் மூழ்கும் வித்தை. கப்பலுக்கு இரண்டு உடல்கள். உள்ளே அழுத்தத்தைத் தாங்கும் தடித்த எஃகு உருளை. அதன்மேல் போர்த்தியதுபோல் மெல்லிய வெளி உடல். இரண்டுக்கும் நடுவில் பாலாஸ்ட் தொட்டிகள். மேலே உள்ள திறப்புகளைத் திறந்தால் தொட்டிக்குள் இருந்த காற்று சீறி வெளியேறும், கீழ்வழியே கடல் நுழையும். முக்குளிப்பான் எடையை மாற்றாமல் இடத்தைக் குறைத்தது. குர்சுரா இடத்தை மாற்றாமல் எடையைக் கூட்டுகிறது. ஆர்க்கிமிடீஸின் அதே விதிக்கு இரண்டு முனைகள்.

மேலே வர, இறுக்கி அடைத்த காற்றைத் தொட்டிகளுக்குள் விட்டுத் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். இங்கே ஒரு கஞ்சத்தனம் வேண்டியிருக்கிறது. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டலம் அழுத்தம் கூடும். 250 மீட்டரில் மேலே உள்ள காற்றோடு சேர்த்து 26 வளிமண்டலம். அந்த ஆழத்தில் 525 கன மீட்டர் தண்ணீரை வெளியேற்ற, சாதாரண அழுத்தத்தில் 13,000 கன மீட்டருக்கு மேல் இருக்கக்கூடிய காற்றை அவிழ்த்துவிட வேண்டும். மேற்பரப்புக்கு அருகில் அதே வேலைக்கு ஆயிரம் கன மீட்டர்கூடத் தேவையில்லை. அதனால் ஆழத்திலிருந்து வரும் நீர்மூழ்கி பெரும்பாலும் தன் மோட்டாரின் பலத்தில், சிறகுபோன்ற தகடுகளைச் சாய்த்து, ஏறி வருகிறது. காற்றைக் கடைசியில்தான் தொடுகிறது. சினிமாவில் வருவதுபோல் ஆழத்திலிருந்து திமிங்கிலமாய்ப் பாய்ந்தெழுவது உயிர் போகும் அவசரத்துக்கான செலவு.

பாலாஸ்ட் தொட்டிகள் பெரிய கணக்கு. சின்னக் கணக்கு ஒன்று உண்டு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். குர்சுரா சேர்க்கப்பட்ட ரீகா, பால்டிக் கடலோரம். பால்டிக் பெயருக்குத்தான் கடல். எத்தனையோ ஆறுகள் வந்து கலப்பதால் அங்கே உப்பு பெருங்கடலில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கன மீட்டர் பால்டிக் நீருக்கும் அட்லாண்டிக் நீருக்கும் எடையில் ஏறத்தாழ 20 கிலோ வித்தியாசம். ரீகாவில் மூழ்கி, மேலும் போகாமல் கீழும் போகாமல் கச்சிதமாக நிற்கும்படி எடை சரிசெய்த குர்சுராவை அப்படியே அட்லாண்டிக்கில் விட்டால், அது ஏறத்தாழ 50 டன் ‘இலேசாக’ இருக்கும். தலைகீழாக நின்றாலும் மூழ்காது. இன்னும் 50 டன் தண்ணீரைக் குடித்தால்தான் இறங்கும். இதற்கென்றே தனியாகச் சிறு தொட்டிகள் உண்டு.

வங்கக் கடலில் இந்தத் தொல்லை வேறு வடிவில் வருகிறது. மழைக்காலம் முடியும் தறுவாயில் கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கோதாவரியும் கொட்டிய நன்னீர், கிழக்குக் கரையோரம் மேல்மட்டத்தில் விரிப்புபோலப் பரவியிருக்கும். கீழே கனத்த உப்பு நீர். இந்த இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே ஏறி இறங்கும் கப்பலின் எடைக் கணக்கு பல டன் மாறிக்கொண்டே இருக்கும். சமையல்காரர் ஒரு மூட்டை அரிசி செலவழித்தாலும், டீசல் கரைந்தாலும், பத்துப் பேர் முன்பெட்டியிலிருந்து பின்பெட்டிக்குப் போனாலும் யாரோ ஒருவர் கணக்கைத் திருத்த வேண்டும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆழம் போகப்போக எஃகு உடலே நெரிபட்டுச் சற்று சுருங்குகிறது. சுவருக்குச் சுவர் விறைப்பாகக் கட்டிய நூல், ஆழத்தில் தொய்ந்து தொங்கும். புதிதாக வந்தவர்களுக்கு நீர்மூழ்கிக்காரர்கள் காட்டும் பழைய வித்தை இது. சுருங்கினால் விலக்கும் நீர் குறையும், குறைந்தால் இன்னும் கீழே போகும், போனால் இன்னும் சுருங்கும். முக்குளிப்பான் விரும்பிச் செய்வதைக் கடல் இங்கே வலுக்கட்டாயமாகச் செய்கிறது.

ஜன்னல் ஏன் இல்லை என்பதற்கும் விடை இதில்தான். 250 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் 250 டன் சுமை. அறுபது சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்ட மூடியின் மேல் 70 டன், பதினான்கு யானைகளை அடுக்கியதுபோல. ஒவ்வொரு திறப்பும் ஒரு பலவீனம். அப்படியே ஜன்னல் வைத்தாலும் அந்த இருட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

நான்காவது பெட்டியைத் தாண்டும்போது வழிகாட்டி காலால் தரையைத் தட்டினார். “இதுக்குக் கீழ பூரா பேட்டரி.” இரண்டாவது பெட்டியிலும் நான்காவதிலும் மனிதர்கள் படுத்து உறங்கிய தளத்துக்கு அடியில் ஈய-அமில மின்கலங்கள். இந்த வகைக் கப்பலில் மொத்தம் 448. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் அதே வேதியியல்தான், ஆனால் ஒவ்வொரு கலமும் ஆளுயரத்துக்கு ஈடு கொடுக்கும். ஐந்தாவது பெட்டியில் தலா 2,000 குதிரைத் திறனுள்ள மூன்று டீசல் எஞ்சின்கள். ஆறாவதில் மின்மோட்டார்கள்.

இங்கே நின்று யோசித்தால் நீர்மூழ்கி என்ற பெயரே பொருந்தவில்லை என்று தோன்றும். டீசல் எரியக் காற்று வேண்டும். நீருக்குள் காற்று கிடையாது. எனவே மேலே இருக்கும்போது டீசல் ஓட்டி பேட்டரியை நிரப்பிக்கொண்டு, கீழே போனதும் பேட்டரியில் ஓட வேண்டும். இது மூச்சடக்கிக்கொள்ளத் தெரிந்த ஒரு மேற்பரப்புக் கப்பல். முத்துக்குளிப்பவரை மீன் என்று யாரும் சொல்வதில்லையே.

எவ்வளவு நேரம் மூச்சடக்கும்? வேகத்தைப் பொறுத்தது. தண்ணீருக்குள் குர்சுராவின் உச்ச வேகம் மணிக்கு 15 கடல் மைல். அந்த வேகத்தில் ஓரிரு மணி நேரத்தில் பேட்டரி காலி. ஆனால் மணிக்கு 2 கடல் மைல், அதாவது கடற்கரையில் மாலை நடை போகிறவரின் வேகத்தைவிடக் குறைவாக ஊர்ந்தால், 380 கடல் மைல் வரை போகலாம். ஏறத்தாழ எட்டு நாள். ஏன் இவ்வளவு வித்தியாசம்? நீரைக் கிழித்துப் போகத் தேவையான திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. வேகத்தை இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு. இரண்டிலிருந்து பதினைந்துக்குப் போனால் நானூறு மடங்குக்கு மேல். நீர்மூழ்கியின் பொறுமை போர்த்தந்திரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு இந்த மும்மடிக் கணக்கு. அது அவசரப்பட வசதியில்லாத கப்பல்.

முழுதும் மேலே வராமல் மூச்சு வாங்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீருக்குச் சற்றுக் கீழே நின்றபடி ஒரு குழாயை மட்டும் வெளியே நீட்டிக் காற்றை உறிஞ்சுவது. 1930களில் டச்சுக் கடற்படை உருவாக்கியது. இரண்டாம் உலகப் போரில் ஹாலந்தைக் கைப்பற்றிய ஜெர்மானியர் பிறகு அதைத் தங்கள் கப்பல்களில் பொருத்தி, மூக்கைக் குறிக்கும் கொச்சைச் சொல்லால் ஸ்நார்க்கெல் என்றார்கள். குர்சுராவுக்கும் அந்த மூக்கு உண்டு. அலை வந்து குழாயின் வாயை மூடினால் தண்ணீர் புகாமலிருக்க ஒரு தடுக்கு சட்டென்று அடைத்துக்கொள்ளும். ஆனால் எஞ்சின் நிற்காது. வெளிக்காற்று கிடைக்காத அது, உள்ளே மனிதர்கள் சுவாசிக்கும் காற்றை இழுக்கும். கப்பல் முழுவதும் அழுத்தம் இறங்கி எல்லோருக்கும் காது அடைக்கும். அலை விலகியதும் மறுபடி திறக்கும். கொந்தளிப்பான கடலில் இரவு முழுக்க இப்படியே. தூக்கத்தில் காதைக் குத்தும் காற்றோடு குடித்தனம்.

பேட்டரி நிரம்பும்போது இன்னொரு வாயு பிறக்கிறது. ஈய-அமிலக் கலம் நிறையும் தறுவாயில் அதிலுள்ள நீர் பிரிந்து ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் ஹைட்ரஜன் நான்கு சதவீதத்தை எட்டினால் ஒரு பொறி போதும். விசிறிகளும் அளவிகளும் விழித்திருக்க வேண்டும். மாறாகக் கடல்நீர் பேட்டரிக்குள் புகுந்தால் குளோரின். இந்தக் கடற்கரையிலிருந்து அதிக தூரமில்லாத கடலடியில் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி கிடக்கிறது. 1971 டிசம்பர் 3-4 நள்ளிரவையொட்டி, 90-க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. ஐ.என்.எஸ். ராஜ்புத் வீசிய ஆழ்நீர்க் குண்டுகள் காரணம் என்கிறது இந்தியத் தரப்பு. தான் விதைத்த கண்ணிவெடியிலேயே அது சிக்கியது என்கிறது மறு தரப்பு. பேட்டரி ஹைட்ரஜன் வெடித்தது என்ற ஊகமும் இருக்கிறது. மூன்றில் எது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. நீர்மூழ்கி தெரிந்தவர்கள் யாரும் மூன்றாவதைச் சிரித்து ஒதுக்குவதில்லை.

இப்போது பாப்பாவின் கேள்வி. எஞ்சினுக்கு மூச்சு சரி, மனிதர்களுக்கு?

ஒரு கணக்குப் போடுவோம். உள்ளே எழுபத்தைந்து பேர். கணக்கின் வசதிக்காகக் கப்பலுக்குள் 1,000 கன மீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். சும்மா இருக்கும், சிறு வேலை செய்யும் ஒரு மனிதர் மணிக்கு 25 லிட்டர் ஆக்சிஜனை எடுத்து 20 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை விடுகிறார் என்று கொள்ளலாம். மூடி அடைத்து இருபது மணி நேரம் கழித்து என்ன ஆகும்? ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 17 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். பயப்பட வேண்டாம், உதகமண்டலத்தில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் இதைவிடச் சற்றுக் குறைவு. தேனிலவுக்கே போகிறோம். ஆனால் கார்பன் டை ஆக்சைடு 3 சதவீதம் ஆகியிருக்கும், வெளிக்காற்றில் இருப்பதைப் போல எழுபது மடங்குக்கு மேல். தலை விண்விண்ணென்று தெறிக்கும், மூச்சு வாங்கும், நிதானம் தவறும். மூடிய இடத்தில் ஆக்சிஜன் தீர்ந்து சாவதாகத்தான் நாம் கற்பனை செய்கிறோம். அதற்கு வெகு முன்னால் நாம் விட்ட மூச்சே நம்மை மடக்கிவிடும்.

இரண்டையும் ஒரே கல்லில் அடிக்கும் பொருள் ஒன்றைச் சோவியத் கப்பல்கள் பயன்படுத்தின. பொட்டாசியம், சோடியம் போன்ற உலோகங்களின் சூப்பராக்சைடு. தட்டுத் தட்டாக இருக்கும். கார்பன் டை ஆக்சைடை உள்ளே வாங்கிக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடும். மரத்தைப் பெட்டியில் அடைத்து எடுத்துப் போவதுபோல. அபாயமும் அதற்குள்ளேயே இருக்கிறது: இந்தத் தட்டில் எண்ணெய் பட்டால் தீ. டீசலும் கிரீசும் கசியும் கப்பலில் எண்ணெய் படாத கை ஏது? 2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் கூர்ஸ்க் மூழ்கியபோது, வெடிப்புகளுக்குத் தப்பிக் கடைசிப் பெட்டியில் உயிரோடிருந்த 23 பேரின் முடிவும் இப்படித்தான் வந்தது. ஆக்சிஜன் தரும் அந்தப் பொருள், எண்ணெய் மிதந்த தண்ணீரில் பட்டுத் தீப்பிடித்தது. மூச்சுக்கென்று வைத்திருந்ததே மூச்சைப் பறித்தது.

காற்று கெட்டால் நிதானம் கெடும் என்று மேலே ஒரு சொல் போட்டேன். அதற்கு உலகமே விலை கொடுத்திருக்கக்கூடிய ஒரு நாள் உண்டு, அதுவும் இதே வகைக் கப்பலில். 1962 அக்டோபர், கியூபா ஏவுகணை நெருக்கடி. சோவியத் ஒன்றியம் நான்கு ஃபாக்ஸ்ட்ராட்களைக் கரீபியன் பக்கம் அனுப்பியிருந்தது. ஒவ்வொன்றிலும் சாதாரண டார்பிடோக்களோடு ஒரே ஓர் அணு டார்பிடோ. ஆர்க்டிக் குளிரைக் கணக்கில் கொண்டு கட்டிய கப்பல்கள் வெப்பமண்டல நீரில் வெந்தன. அக்டோபர் 27 அன்று பி-59 என்ற கப்பலை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சூழ்ந்துகொண்டு, மேலே வரச் சொல்லிச் சிறு பயிற்சிக் குண்டுகளைப் போட்டன. உள்ளே பேட்டரி தீரும் நிலை. வெப்பம் 45 டிகிரியைத் தாண்டியிருந்தது, எஞ்சின் பகுதியில் இன்னும் அதிகம். கார்பன் டை ஆக்சைடு ஏறி ஆட்கள் மயங்கி விழுந்தார்கள். மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. மேலே போர் தொடங்கிவிட்டதா என்று தெரியாது.

கேப்டன் வாலெந்தின் சாவித்ஸ்கி அணு டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார் என்று அன்று கப்பலில் இருந்த வதீம் ஓர்லோவ் பின்னாளில் விவரித்தார். அந்த நான்கு கப்பல் அணியின் தலைமை அலுவலர் வாசிலி ஆர்கிப்போவும் அதே கப்பலில் இருந்தார். அவர்தான் கேப்டனை அமைதிப்படுத்தினார். யார் எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதில் சாட்சிகள் ஒத்துப்போவதில்லை, போகவும் முடியாது. அந்தக் காற்றில் யாருக்கு நினைவு தெளிவாக இருந்திருக்கும்? முடிவு மட்டும் உறுதி. டார்பிடோ கிளம்பவில்லை. பி-59 மேலே வந்தது. மூச்சும் மின்சாரமும் தீர்ந்த கப்பலுக்கு வேறு வழி இல்லை. ஆர்கிப்போவை உலகைக் காப்பாற்றிய மனிதர் என்று இன்று எழுதுகிறார்கள். எழுதட்டும், தகும். அவரோடு அந்த 448 மின்கலங்களின் வறட்சியையும் சேர்த்தே நான் படிக்கிறேன். கப்பலை அந்த முனைக்குக் கொண்டுபோனதும் அதுதான், மேலே வர வைத்ததும் அதுதான். இந்தக் கதை பரவலாகத் தெரியவந்தது 2002 அக்டோபரில் ஹவானாவில் நடந்த மாநாட்டில். விசாகப்பட்டினத்தில் குர்சுராவைப் பார்க்க மக்கள் வரிசையில் நிற்கத் தொடங்கி அப்போது இரண்டு மாதம்.

மீண்டும் குர்சுராவுக்குள். நடுப்பெட்டியிலுள்ள கட்டுப்பாட்டு அறையில் கூட்டம் அதிகம். எல்லோருக்கும் பெரிஸ்கோப் வேண்டும். சக்கரங்களும் வால்வுகளும் அளவிகளும் சுவர் தெரியாமல் மொய்த்திருக்கின்றன; எழுத்துகள் பல ரஷ்ய மொழியில். சோனார் அறை ஓர் ஆள் உட்காரும் மூலை. கடலடியில் கண்ணுக்கு வேலையில்லை, காதுக்குத்தான். ஒலி நீரில் விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கு மேல். ஆனால் நேராக ஓடாது, வெப்பமும் உப்பும் மாறும் அடுக்குகளில் வளைந்து போகும். அந்த வளைவுக்கு அப்பால் விழும் ஒலி நிழலில்தான் நீர்மூழ்கி ஒளிகிறது.

கடைசிப் பெட்டிக்கு வந்துவிட்டோம். டார்பிடோக் குழாய்களுக்கு எதிரிலேயே மூன்றடுக்குப் படுக்கைகள். ஆட்களைவிடப் படுக்கைகள் குறைவு. ஒருவர் பணிக்கு எழுந்தால் அந்தச் சூட்டிலேயே இன்னொருவர் படுப்பார். தப்புவது பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? குழாய்க்குள் ஊர்ந்து புகுந்து, பின்மூடியை அடைத்து, கடல்நீரை உள்ளே விட்டு, அழுத்தம் சமமானதும் முன்மூடியைத் திறந்து வெளியேற வேண்டும். 53 சென்டிமீட்டர் இருட்டு. அதன்பின் மேலே போகும் வழியில்தான் சூட்சுமம். முத்துக்குளிப்பவர் மேற்பரப்பில் மூச்சை நிரப்பி அடக்கிக்கொண்டு இறங்குகிறார். ஆழத்தில் அவர் நுரையீரல் சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்குத் திரும்பும். நீர்மூழ்கியிலிருந்து தப்புகிறவர் ஆழத்தின் அழுத்தத்திலேயே மூச்சை நிரப்பியவர். முப்பது மீட்டரில் நுரையீரலில் அடைத்த காற்று மேலே வரும்போது நான்கு மடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும். அதனால் ஏறும் வழியெல்லாம் மூச்சை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீருக்குள் இருப்பவன் மூச்சை விடுவதா என்று உடம்பு முழுக்கத் தடுக்கும். பயிற்சிதான் அதை மீறவைக்கும்.

பாப்பா அந்தக் குழாயின் வாயருகே நின்று கன்னத்தை உப்பி மூச்சடக்கிப் பார்த்தாள். வழிகாட்டி சிரித்தார். “அப்படி இல்ல பாப்பா. ஊதணும்.”

வெளியே வந்தால் கடல் காற்று, மாங்காய் பத்தை, சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு பெரிய டி.யு.-142 விமானம். நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்த விமானம் அது. தேடியதும் ஒளிந்ததும் இப்போது எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. விமான அருங்காட்சியகம் 2017 டிசம்பரில் திறந்தது. அதே மாதம்தான் மும்பையில் புதிய கல்வாரி கடற்படையில் சேர்ந்தது. பிரெஞ்சு வடிவமைப்பு, நவீனக் கருவிகள். ஆனால் அதுவும் டீசலும் பேட்டரியும்தான். மூச்சு வாங்க அதுவும் மூக்கை வெளியே நீட்டியாக வேண்டும்.

குர்சுராவின் பின் வந்த அதே குடும்பத்துக் கப்பல் வாக்லி 2010 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அதை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக வைக்கத் தமிழ்நாட்டில் திட்டம் போட்டார்கள். நிறைவேறவில்லை. ஆகவே நமக்கு விசாகப்பட்டினம்தான். போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று விடுமுறை.